தோளில் பை, கூடவே நண்பர்கள்

கண்ணு, நீயும் உன் தோழிகள் மூவரும் கோலாலம்பூரில் இறங்கி, அங்கிருந்து தரைவழியாகவே தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா என்று சுற்றப் போவதாக உன் அம்மா சொன்னாள். சொல்லும்போது அவளுக்குப் பாதி பெருமை, பாதி பயம். கேட்ட எனக்கு முழுக்கவும் பொறாமை. நாங்கள் கொச்சி மட்டாஞ்சேரிக்காரர்கள் நால்வர் ஏறக்குறைய இதே தடத்தில் போனபோது எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. பஜாரில் மிளகுத் தரகு பார்த்த குஜராத்தி சேட்டு, கொங்கணி வாத்தியார், படகு இன்ஜின் மெக்கானிக்கான மலையாளி ஒருவர், பிறகு உன் மாமா. எந்த பஸ், எந்த விடுதி என்பதையெல்லாம் உன் கைப்பேசி என்னைவிட நன்றாகச் சொல்லும். கூட வருபவர்களோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதை அது சொல்லாது. நெடும் பயணத்தில் ஆளைச் சோதிப்பது அதுதான். அதனால் எழுதுகிறேன்.

1. காசைப் பற்றிப் புறப்படும் முன்பே பேசிவிடு. சிநேகிதிகளுக்குள் பணப் பேச்சா என்று கூச்சப்படாதே. அந்தக் கூச்சம் வழியில் கோபமாக முளைக்கும். நாங்கள் பேசாமலே கிளம்பினோம். சியாம் ரீப்பில் அங்கோர் கோயில்களுக்கு அப்போது ஒரு நாள் சீட்டு 20 டாலர், மூன்று நாள் சீட்டு 40 டாலர். வாத்தியார் மட்டும், “எங்க ஊரில் பார்க்காத கோயிலா? நான் ஆற்றங்கரையில் உட்காருகிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்றார். நாங்களும் அவர் குணம் அப்படி என்று சிரித்துக்கொண்டே போய்விட்டோம். இரவு அவர் நோட்டுகளை எண்ணி எண்ணிப் பிரித்து வைத்ததைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சரித்திரப் பாடம் நடத்தியே காலம் கழித்த மனிதர், அங்கோர் வாட்டின் வாசல்வரை வந்துவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார்! மறுநாளிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டம்: நால்வரில் யார் கை சிறியதோ, அந்தக் கையின் அளவே செலவு. 2017இல் அந்தச் சீட்டு 37, 62 டாலர் என்று ஏறிவிட்டது. உங்களில் யாருக்கு அது கனக்கும் என்று இங்கேயே தெரிந்துகொள். எல்லோரும் சம பங்கு போட்டு ஒரு பொதுப் பர்ஸ் வைத்து, சாப்பாடு, வண்டி, அறை மூன்றுக்கும் அதிலிருந்தே கொடுங்கள். பர்ஸ் வாரத்துக்கு ஒருத்தி கையில் இருக்கட்டும். ஒருத்தியே வைத்திருந்தால் அவள் மாமியாராகிவிடுவாள்.

2. பையைக் கட்டியதும் வீட்டுக்குள் தூக்கிப் பார்த்துத் திருப்திப்படாதே. வைட்டிலாவிலிருந்து கடவந்தரா, தேவரா, வெண்டுருத்திப் பாலம், தோப்பும்படி வழியாக மட்டாஞ்சேரி வரை அதைச் சுமந்து நட. பத்து கிலோமீட்டருக்கு மேல் வரும். தோப்பும்படி வருவதற்குள் எது வேண்டும், எது வேண்டாம் என்று தோளே சொல்லிவிடும். மலிவு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான். அது அவர்கள் நமக்குச் செய்யும் உபகாரம். உன் பையை இன்னொருத்தி சுமக்கும் நிலையை மட்டும் வைத்துக்கொள்ளாதே. முதல் நாள் அன்பாகத் தூக்குவாள், மூன்றாம் நாள் கணக்கு வைப்பாள்.

3. எல்லைச் சாவடியில் அவசரம் காட்டாதே. நாங்கள் போனபோது, தாய்லாந்திலிருந்து போய்ப்பெட் வழியாகக் கம்போடியாவுக்குள் நுழைந்தவர்களை அரண்யபிரதேத் ஊரிலேயே மடக்கினார்கள். சீருடை மாதிரி ஒரு சட்டை, கழுத்தில் ஓர் அட்டை. “விசா இங்கேதான் எடுக்க வேண்டும், நேரமாகிவிட்டது” என்று ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். எந்த எல்லையிலும் வெளியேறும் முத்திரை விழும் முன் யாரிடமும் விசாவுக்குக் காசு கொடுக்காதே. முடிந்தால் இணையத்திலேயே எடுத்துக்கொண்டு போ. வியட்நாமின் இ-விசாவில் எந்த வாயில் வழியே நுழையப் போகிறாய் என்றும் எழுதியிருக்கும். வழி மாறினால் திருப்பி அனுப்பிவிடக்கூடும். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும் என்பது உனக்கே தெரிந்திருக்கும். வரிசையில் நிற்கும்போது ஒருத்தி மட்டும் பேசட்டும். நாலு பேர் நாலு பதில் சொன்னால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். எங்களுக்காகப் பேசியவர் மெக்கானிக். அவருக்கு ஆங்கிலம் குறைவு. அதனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அதுவே எங்களைக் காப்பாற்றியது.

4. எதைப் பற்றிச் சண்டை போடுவதென்றாலும் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். பசித்த வயிறு பழைய பாக்கியையெல்லாம் தோண்டி எடுக்கும். உங்களில் ஒருத்தி சைவம் என்று கேள்விப்பட்டேன். எங்கள் சேட்டும் அப்படித்தான். அந்தப் பக்கம் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு விடுவார்கள், கேட்டால் “மீன் போடவில்லையே” என்று நிஜமாகவே ஆச்சரியப்படுவார்கள். வியட்நாமில் ‘சாய்’ என்றும் தாய்லாந்தில் ‘ஜே’ என்றும் பலகை வைத்த கடைகள் உண்டு. புத்தர் வழியில் விரதம் இருப்பவர்களுக்கான சமையல் அது, நம்பிச் சாப்பிடலாம். நடந்து அலுத்த பிறகு அந்தப் பலகையைத் தேடக் கூடாது. காலையிலேயே தேடி வைத்துக்கொள். அவள் சாப்பிட்ட பிறகு நீங்கள் மூவரும் சாப்பிடுங்கள். இப்படி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளை உங்களுக்காக எதையும் செய்யும்.

5. வாரத்தில் ஒரு நாள் தனித்தனியாகப் பிரிந்து போய், மாலையில் சேர்ந்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவள்தானே என்று நினைப்பாய். பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். இங்கே மணி அடிப்பவர் யாரும் கிடையாது. லாவோஸில் ஹுவாய் சாய் என்ற ஊரிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மேகோங் ஆற்றில் படகு போகும், இரண்டு நாள். நடுவில் பாக்பெங் என்ற சின்ன ஊரில் இரவு தங்கல். ஏறும்போது எங்களுக்குள் முகம் கொடுத்துப் பேச்சில்லை, காரணம்கூட இப்போது நினைவில்லை. படகைவிட்டு இறங்கிப் போகவும் வழியில்லை. முதல் நாள் மத்தியானம் வரை ஆளுக்கொரு திசையில் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மெக்கானிக் எழுந்து போய், படகின் இன்ஜினைப் பார்த்துவிட்டு வந்து, “நம்ம வைப்பின் படகில் இருப்பது மாதிரிதான்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, சேட்டு கடலை உருண்டையைப் பிரித்தார். 2021 டிசம்பரிலிருந்து அந்தப் பக்கம் ரயில் ஓடுகிறது. வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு இரண்டு மணி நேரம் போதும். உன் வயதுக்கு ரயில்தான் பிடிக்கும். ஆனாலும் ஒருமுறை படகில் போ.

6. கேமராவை எடுக்கும் முன் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார். எங்கள் தெருவுக்கு உலகமே வரும், அதனால் படம் எடுக்கப்படுகிறவன் எப்படி இருப்பான் என்று மட்டாஞ்சேரியில் வளர்ந்தவனுக்குத் தெரியும். யூதத் தெருவில் சாரா கோஹன் பாட்டி தன் கடையின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். 1568இல் கட்டிய ஜெப ஆலயத்தைப் பார்க்க வந்தவர்கள், அதே கையோடு அவரையும் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சிலர் கேட்டு எடுப்பார்கள், சிலர் கம்பிக்குள் கேமராவை நீட்டுவார்கள். 2019இல் அவர் 96 வயதில் இறந்தார். லுவாங் பிரபாங்கில் விடியற்காலை பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாகப் பிட்சை வாங்க வரும்போது, சில சுற்றுலாக்காரர்கள் அவர்கள் முகத்துக்கு நேரே வெளிச்சம் அடிப்பதைப் பார்த்தேன். எனக்கு யூதத் தெரு ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. எதிர்ச்சாரியில் நின்று, வெளிச்சம் போடாமல், சத்தமில்லாமல் பார். படம் வராவிட்டால் போகட்டும்.

7. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. நீ போகும் ஊர்களில் எல்லாம் நம்மவர்கள் உனக்கு முன்பே போயிருக்கிறார்கள், உன்னைப் போல ஆசைக்காகப் போகவில்லை. பினாங்கில் குவீன் தெரு மாரியம்மன் கோயில் 1833ஆம் வருடத்தது. பாங்காக் சீலோம் சாலையில் ஒரு மாரியம்மன், சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன். சைகோன் கோயிலில் வியட்நாமியப் பெண்கள் ஊதுவத்திக் கட்டோடு வந்து வேண்டிக்கொள்வார்கள். வட்டிக்கடை வைத்த நகரத்தார்களும் மற்ற வியாபாரிகளும் அந்த ஊரைவிட்டுப் போன பிறகும் அம்மனுக்குப் பூஜை நிற்கவில்லை. அங்கே போனால் பிரசாதம் வாங்கிக்கொண்டு ஓடிவராதே. ஒரு தூணோரம் அரை மணி நேரம் உட்கார்.

பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரிக்கு ரயில் உண்டு. க்வாய் ஆற்றுப் பாலம் சினிமாவால் பேர் பெற்றது. பாலத்தின் மேல் கைவிரித்துப் படம் எடுக்காதவர்கள் இல்லை. இரண்டாம் உலகப் போரில், 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபருக்குள், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர்கள் போட்டார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் செத்ததை உலகம் படித்தது. அவர்களைவிடப் பல மடங்கு செத்தவர்கள் ஆசியக் கூலிகள். அதில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். காலராவும் பசியும் தின்றது போக மிஞ்சியவர்களே திரும்பினார்கள். மலேசியத் தமிழர்கள் அதை ‘சயாம் மரண ரயில்’ என்பார்கள். காஞ்சனபுரியில் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் கல், புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பெயராகப் பொறித்திருக்கிறது. வாத்தியார் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். “நம்மாள் பெயர் எழுத ஒரு கல் இல்லையே” என்றார். சேட்டு அன்று பாலத்தில் படம் எடுத்துக்கொள்ள வரவில்லை. நீ எடுத்துக்கொள், தப்பில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு பாலத்துக்குப் போ.

8. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்காதே. எல்லோரும் எடுப்பார்கள், கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுப்பார். நம் நாட்டில் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வியட்நாமில் செல்லாது. விழுந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். தாய்லாந்துத் தீவுகளுக்குப் போனால் முழங்கால் கட்டோடு நொண்டும் வெள்ளைக்காரப் பிள்ளைகளை நீயே எண்ணிக்கொள்ளலாம்.

9. யார் நல்ல துணை என்று சீக்கிரம் முடிவு கட்டாதே. சேட்டு முதல் நாளிலிருந்தே நச்சரிப்பு. அறையில் ஈரவாடை, டீயில் பால் இல்லை, பஸ்ஸில் குளிர். எனக்கு அவரை எங்காவது இறக்கிவிட்டுப் போகலாம் என்றே இருந்தது. வியட்நாமின் ஹோய் ஆனில் மெக்கானிக்குக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, மூன்று இரவு கண் விழித்து நெற்றியில் ஈரத்துணி மாற்றியவர் அவர்தான். கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்த நான் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். உன் கூட்டத்திலும் ஒரு நச்சரிப்புக்காரி இருப்பாள். அவளை மாற்றப் பார்க்காதே, கொஞ்சம் காது கொடுத்துக் கேள். இன்சூரன்ஸ் தாளை நாலு பேரும் நாலு பேருடைய கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல்காரிக்குத் தன் கடவுச்சொல் ஞாபகம் இருக்காது.

10. அம்மாவுக்குத் தினமும் ஒரே நேரத்தில் ஒரு வரி அனுப்பு. நீண்ட பேச்சு வேண்டாம். நேரம் தவறினால்தான் அவள் மனசு கெட்டதை நினைக்கும். அதோடு ராத்திரி தூங்கும் முன் ஒரு நோட்டில் நாலு வரி எழுது: எந்த ஊர், என்ன விலை, யார் உதவினார்கள். நம்மில் ஏ. கே. செட்டியார் அப்படி ஊர் ஊராகப் போனவர், கோட்டையூர்க்காரர். 1937இல் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போகும்போது, அக்டோபர் 2 அன்று, காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று நினைத்தார். பிறகு கண்டம் கண்டமாக அலைந்து துண்டுத் துண்டாகப் படச்சுருள் சேர்த்து 1940இல் முடித்தார். அவ்வளவு சுற்றியவர் எழுதியதைப் படித்துப் பார், அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஊர் இருக்கும், மனிதர்கள் இருப்பார்கள், தன்னைப் பற்றி மிகக் கொஞ்சம். இப்போது எடுக்கும் படங்களில் ஊர் பின்னால் மங்கலாகத் தெரிகிறது. கிழவன் புலம்புகிறான் என்று நினைத்தால் இந்தப் பத்தியை விட்டுவிடு, அம்மாவுக்கு அனுப்பும் வரியை மட்டும் விடாதே.

11. கடன் வாங்கிப் போகிறாளாமே என்று சொந்தக்காரர்கள் சிலர் உதட்டைப் பிதுக்குவது என் காதுக்கும் வந்தது. நமக்குப் பக்கத்திலேயே, காந்திநகரில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு சின்ன டீக்கடை. அதை நடத்திய விஜயனும் மோகனாவும் அன்றாட வரவில் 300 ரூபாய் வரை எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, வெளிநாடு போய்வருவார்கள். திரும்பி வந்து டீ ஆற்றி அந்தக் கடனை அடைத்துவிட்டு அடுத்ததற்குச் சேர்ப்பார்கள். 2007இல் இஸ்ரேலில் தொடங்கி இருபத்தைந்துக்கு மேற்பட்ட நாடுகள். 2021 நவம்பரில் விஜயன் காலமானார், ரஷ்யா போய்வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர்களிடம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியது கடன் வாங்கும் துணிச்சலை என்று பலரும் எழுதினார்கள். என் கணக்கு வேறே. பழைய கடன் தீராமல் புதிய ஊர் கிடையாது என்ற கண்டிப்பு அவர்களிடம் இருந்தது, ஒவ்வொரு முறையும் அதே துணையோடு போய் முகம் சுளிக்காமல் திரும்பும் பொறுமையும் இருந்தது. உன் கடன் எத்தனை மாதத்தில் தீரும் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போ. உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார்.

12. திரும்பி வந்த வாரத்திலேயே நாலு பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்து கணக்குத் தீருங்கள். ரிங்கிட், பாத், கிப், டாங் எல்லாவற்றையும் ரூபாயாக்கி, யாருக்கு யார் தரவேண்டும் என்று எழுதி, அன்றே கொடுத்து முடிக்க வேண்டும். சில்லறையை விட்டுக்கொடு, பெரிய தொகையைப் பெருந்தன்மை என்று விட்டுக்கொடுக்காதே, வாங்கியவளுக்கு அது சுமை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்கப் பிடிக்காது. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. பஜாரில் சேட்டைப் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் நடந்தேன், அவரும் பார்க்காத மாதிரி போனார். ஓணத்துக்கு மெக்கானிக் வீட்டில் பாயசம் குடிக்கக் கூப்பிட்டார்கள், எல்லோரும் போனோம், பழையபடி ஆகிவிட்டது. உங்களுக்குள் யார் முதலில் கூப்பிடுவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் போகும் பஸ் வைட்டிலா ஹப்பிலிருந்து எத்தனை மணிக்கு என்று நான் விசாரித்து வைக்கிறேன், பெட்டி கட்டும் நாள் வந்து வாங்கிக்கொள்.